எலும்பில்லாத கிட்டார்

அனந்திக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. காது சிவக்கும், அதோடு சரி. ஆனால் அன்றைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிட்டார்க் கம்பி பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், பூட்டிவிட்டுப் போன தன் அறை திறந்து கிடப்பதைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டாள். "யாரு என் ரூமத் தொறந்தது?"

வீட்டில் ஆளுக்கொரு வேலை. சமணர்களின் பருவ விரதம் முடிகிற நாள். விரதம், பூஜை என்று ஓடிய நாட்களுக்குப் பிறகு மறுநாள் காலையில் உறவெல்லாம் கூடி, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் உண்டு. அதற்காக வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நடையெல்லாம் தண்ணீர். அனந்தி செருப்பை உதறிவிட்டு ஈரத்தில் வழுக்கிக்கொண்டே அறைக்குள் ஓடினாள்.

அந்த அறை ஒரு காலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை அடுக்கி வைத்த அறை. மாமனார் காலத்து மண்டி வியாபாரம் கடைத்தெருவுக்குப் போன பிறகு சும்மாதான் கிடந்தது. கொரோனாவில் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கணவன் ஜெயக்குமாரோடு இங்கே வந்தபோது, அனந்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுவருக்குப் பழைய மெத்தையை அடித்து, அதன் மேல் சாக்கைத் தைத்து, ஜன்னலை அடைத்து, சத்தம் போகாமலும் வராமலும் செய்து வைத்திருந்தாள். மைக் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, கரண்ட் போனால் தாங்க யுபிஎஸ் ஒன்று, சுவரோரம் ஸ்டாண்டில் கிட்டார்கள். வாசிக்கிற நேரத்தில் ஃபேன் போடக்கூடாது, மைக்கில் விழும். வேர்த்துக் கொட்டக் கொட்ட வாசிப்பாள்.

அதுதான் அவள் தொழில். மேடையேறி வாசிக்கிறவள் இல்லை. சினிமாப் பாட்டு, விளம்பரம், சீரியல் என்று யாரோ மெட்டுப் போடுவார்கள், யாரோ பாடுவார்கள், நடுவில் ஓடுகிற கிட்டார் அவளுடையதாக இருக்கும். பாட்டைக் கேட்டு உருகுகிறவனுக்கு அவள் பெயர் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ டைப் அடிக்கிறாள் என்றுதான் நினைப்பு. அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. வாசித்ததை ஃபைலாக அனுப்பிவிட்டால் அவள் வேலை முடிந்தது.

அறைக்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. எலெக்ட்ரிக் கிட்டார், பன்னிரண்டு கம்பிக் கிட்டார், நைலான் கம்பி போட்டது, எல்லாம் அதனதன் இடத்தில். பழைய மரக் கிட்டார் மட்டும் தரையில் மல்லாந்து கிடந்தது. ஆறு கம்பியும் நடுவில் வெட்டப்பட்டுச் சுருண்டு நின்றன. கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கிப் பிடிக்கிற சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும். நட் என்பார்கள். அது இருந்த இடம் பச்சை மரமாகப் பிளந்திருந்தது. கீழே உடம்பில் கம்பிகள் ஏறி இறங்குகிற இன்னொரு வெள்ளைத் துண்டையும் காணவில்லை. பக்கத்திலேயே, மறக்காமல் ஒரு துணியில் துடைத்து வைத்த மாதிரி, வீட்டுக் கட்டிங் பிளேயர்.

அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

கூடத்தில் அவளுடைய மூத்தார் மல்லிநாதன் நாற்காலியில் ஏறி நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கணவனின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர். மண்டியில் அவர் சொன்னால் எடை மறு எடை கிடையாது. அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவரே இறங்கி வந்தார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. நல்ல காரியம் செய்தவர் முகம்தான் இருந்தது.

"உனக்கே தெரிஞ்சிருக்காதும்மா. அதான் நான் சொல்லல" என்றார். "அது மாட்டு எலும்பு."

போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். கிட்டார் செய்கிற பட்டறையைக் காட்டியிருக்கிறார்கள். தலைமாட்டுத் துண்டையும் கீழ்த் துண்டையும் எலும்பில் அறுத்து, தேய்த்து, ஒட்டுகிறார்களாம். பார்த்ததிலிருந்து அவருக்கு வாயில் சோறு இறங்கவில்லையாம். ஜினபகவானை வைத்துக் கும்பிடுகிற வீட்டில், ஒரு சுவர் தள்ளி, இத்தனை வருஷமாக அதுவா இருந்தது என்று. பருவம் முடிவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று முடிவு செய்து, அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போன நேரம் பார்த்து, மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, வேலையை முடித்துவிட்டார். மற்ற கிட்டார்களில் இருப்பது கறுப்பாகவும் பிளாஸ்டிக்காகவும் தெரிந்ததால் தொடவில்லையாம். அந்தப் பொறுப்பு வேறு.

கேட்டால் என்ன? வாய் வலிக்குமா? அடுத்த அறையில்தானே இருந்தாள், இரவும் பகலும்?

அனந்தி மேல்சித்தாமூரில் பிறந்தவள். சமண மடத்துக்குப் பக்கத்துத் தெரு. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாத வீட்டில் வளர்ந்தவள். சென்னையில் ரெக்கார்டிங் முடிய நேரமாகி எல்லோரும் பார்சல் பிரித்துச் சாப்பிடும்போது, வெறும் வயிற்றோடு கிட்டாரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தோல் பெல்ட் வேண்டாம் என்று நூல் பெல்ட்தான் போடுவாள். இதையெல்லாம் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா திரிய முடியும்?

அந்த மரக் கிட்டாரை அவள் சென்னையில் பழசாக வாங்கினாள். வாங்கிய மறுநாள் ரிப்பேர்க்காரர் பேச்சுவாக்கில், ஒரிஜினல் எலும்பு, அதனால்தான் இப்படிக் கணீரென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க அவளால் அதன் மேல் கை வைக்க முடியவில்லை. எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் சிரித்தார். எலும்பை எடுத்துவிட்டு எதைப் போடுவது, பிளாஸ்டிக் போட்டால் சத்தம் செத்துவிடும் என்றார். கடைசியில் பக்கத்துக் கடையில் சமையல் மேடைக்குப் பதிக்கிற செயற்கைக் கல் அறுத்த மிச்சம் கிடந்தது. வெள்ளை வெளேரென்று. அதைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டிக் கொடுத்தார். எலும்பு மாதிரியே இருந்தது பார்க்க. சத்தம்தான் வேறு. கணீர் போய்விட்டது. கொஞ்சம் தடித்து, கொஞ்சம் மங்கி, தொண்டை கட்டின ஆள் மெதுவாகப் பேசுகிற மாதிரி வந்தது. முதல் வருஷம் ஸ்டுடியோவில் முகம் சுளித்தார்கள். இன்னா கிட்டார்மா இது, சளி புடிச்சா மாரி கீது என்றான் ஒரு இன்ஜினியர். அப்புறம் அவனே போன் பண்ணி, அந்தச் சளி புடிச்ச கிட்டாரையே எடுத்துக்கினு வாங்கக்கா என்று கேட்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் அவளுடைய விரதத்திலிருந்து வந்தது.

இதை எல்லாம் அவள் கூடத்தில் நின்று சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் வெளியே வந்தது.

"அது எலும்பு இல்ல மாமா. கிச்சன் மேடைக் கல்லு. எலும்ப நான் அப்பவே எடுத்துட்டேன்."

மல்லிநாதன் அவளையே பார்த்தார். நிஜமாகவா என்றார். நிஜமாக என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

அப்பாடாவாம்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி தர்மவதி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்து அவளும் அப்பாடா என்றாள். வீடு தப்பித்தது, தோஷமில்லை, பெரிய பாரம் இறங்கிற்று என்று ஆளாளுக்கு மூச்சு விட்டார்கள். மல்லிநாதன் அனந்தியின் தலையில் கை வைத்து, நல்ல பொண்ணும்மா நீ, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த டென்ஷனே இல்லையே என்று சொல்லிவிட்டு, மறுபடி தோரணம் கட்ட ஏறினார். அந்த வீட்டில் ஒரு கிட்டார் உடைந்து கிடக்கிறது என்பது யாருக்கும் ஞாபகமே இல்லை.

அந்த நேரத்தில் ஜெயக்குமார் மண்டியிலிருந்து வந்தான். கேட்டான், கிட்டாரைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அண்ணன் வேணும்னேவா செஞ்சாரு, விடு அனந்தி, வேற கிட்டார் இருக்குதில்ல என்றான். நல்லவன்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவனையும் சேர்த்து அறைக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வேறு கிட்டார் ஆகாது. கையில் இருந்த வேலை எழிலனின் பாட்டு. சென்னையில் இசையமைப்பாளன் எழிலன் பல வருஷமாக அவளைக் கூப்பிடுகிறவன். இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கு மேளமில்லை, வயலினில்லை, ஒரு குரல், ஒரு கிட்டார், வேறு ஒன்றுமே இல்லை. "உங்க கிட்டாருக்குத்தான்க்கா இந்தப் பாட்டே போட்டேன்" என்று அவனே சொல்லியிருந்தான். இத்தனை காலம் நூறு வாத்தியத்துக்கு நடுவில் ஒளிந்து வாசித்தவளுக்கு, முதல்முறையாகக் கேட்கிறவன் காதில் நேராகப் போய் உட்காரப்போகிற பாட்டு. பல்லவியும் முதல் சரணமும் வாசித்து அனுப்பியாகிவிட்டது. கடைசிச் சரணம் மட்டும் பாக்கி. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அனுப்பியாக வேண்டும். பாடகி மறுநாள் வெளிநாடு போகிறாள், அவள் கேட்டு ஒத்துக்கொண்டால்தான் பாட்டு முடியும். பாதிப் பாட்டு ஒரு கிட்டாரிலும் மீதி வேறொன்றிலும் இருந்தால் செவிடனுக்குக்கூடத் தெரியும்.

அனந்தி அழவில்லை. அழுதால் மைக்கில் மூக்குறிஞ்சுகிற சத்தம் விழும். வெள்ளைத் துண்டுகள் எங்கே என்று கேட்டாள். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று கேரி பேக்கில் போட்டு, குப்பை வண்டிக்காகக் கேட்டில் மாட்டியிருந்தார்களாம். ஜெயக்குமார் ஓடிப்போய் எடுத்துவந்தான். கீழ்த் துண்டு முழுசாக இருந்தது. தலைமாட்டுத் துண்டு நொறுங்கிவிட்டது. கழுத்து மரத்தின் சிம்பு ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பசை போட்டு ஒட்டிப் பார்த்தாள். கம்பியை இறுக்கியதும் பொத்தென்று போயிற்று.

கீழ்த் துண்டைச் செருகினாள். பார்சலில் வந்த புதுக் கம்பியை மாட்டினாள். தலைமாட்டுத் துண்டுக்குப் பதிலாக, கழுத்தைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பை முதல் கட்டத்தில் இறுக்கி, கம்பி எல்லாவற்றையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டினாள். சுருதி சரியாக வந்துவிட்டது. தொழில் தெரிந்தவள். மண்டி லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து முடிகிறவரை காத்திருந்து, ஃபேனை நிறுத்தி, வாசித்தாள். சரியாக வரவில்லை. திரும்ப வாசித்தாள். திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றில் கை நிதானமாக நின்றது. தவறே இல்லாமல் இருந்தது. அனுப்பினாள்.

அவளுக்கே தெரியும். அந்தக் கடைசிச் சரணத்தில் கையே வைக்காமல் சும்மா விட்ட கம்பிகள்தான் பேச வேண்டும், அதற்கு அந்தக் கல் வேண்டும். இப்போது கம்பிகள் கட்டத்தின் உலோகத்தில் உட்கார்ந்ததால் கணீரென்று இருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கிற கணீர்.

எழிலன் போன் பண்ணினான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாசிப்பு பிரமாதம்க்கா, ஆனா இது அது இல்லக்கா, டைரக்டரே கண்டுபுடிச்சிட்டாரு என்றான். நாளைக்கு வரைக்கும் நேரமிருந்தால் சென்னைக்குப் போய்ச் சரிசெய்து வாசித்துத் தருகிறேன் என்றாள். நேரமில்லை என்றான். சென்னையிலேயே ஒரு பையனை உட்கார வைத்துப் பல்லவியிலிருந்தே புதிதாக எடுத்துக்கொள்கிறானாம். கணீரென்ற கிட்டார்தான், பரவாயில்லை, பாட்டு கொஞ்சம் மாறும், என்ன செய்வது. இன்னா ஆச்சிக்கா கிட்டாருக்கு என்று கடைசியில் கேட்டான். கீழ விழுந்துடுச்சு என்று சொன்னாள். பருவத்தில் பொய். அதுவும் இந்த வீட்டு மானத்துக்காக. அந்தப் பொய்யை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம்தான் அந்த வீட்டில் கிடையாதே.

மறுநாள் காலையில் பூஜை முடிந்து கூடம் நிறைய உறவு. பெரியவர் சின்னவர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் எல்லோரிடமும் போய்க் கைகூப்ப வேண்டும். சொல்வதற்கு ஒரே வாக்கியம். "தெரிஞ்சும் தெரியாமலும், மனசாலயும் வாக்காலயும் உடம்பாலயும் நான் செஞ்ச பிழையப் பொறுத்துக்கணும்." எதிரில் இருப்பவர் "பொறுத்தேன், நீங்களும் என்னப் பொறுக்கணும்" என்பார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பது போல மளமளவென்று நடக்கும். நடுவில் சிரிப்பு, பேச்சு, எப்ப வந்தே, பொண்ணு எப்படி இருக்குது எல்லாம். அனந்தியும் வருஷா வருஷம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட எந்தப் பிழை என்று யோசித்ததில்லை.

மல்லிநாதன் வரிசையாக வந்தார். அனந்தி முன்னால் நின்றார். கைகூப்பி, முகம் மலர, அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னார்.

"எந்தப் பிழை மாமா?" என்று கேட்டாள் அனந்தி.

அவர் புரியாமல் சிரித்தார். "எல்லாந்தாம்மா."

"எல்லாம்னா எனக்குத் தெரியல. எதுன்னு சொல்லிட்டுக் கேளுங்க."

பக்கத்தில் நின்ற தர்மவதி அவள் முதுகில் கிள்ளினாள். ஜெயக்குமார் தொண்டையைக் கனைத்தான். கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. இந்த வழக்கத்தில் திருப்பிக் கேள்வி கேட்டவர் இதுவரை யாருமில்லை, அதுவும் வீட்டு மருமகள், அதுவும் மூத்தாரை. அனந்தி நகரவில்லை. கோபம் வந்தால் பேச்சு வராது அவளுக்கு. அன்றைக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லும் நிதானமாக, சுருதி சேர்த்த மாதிரி வந்தது.

மல்லிநாதனின் முகம் கறுத்தது. அப்படியே அடுத்த ஆளிடம் போயிருக்கலாம். போகவில்லை, அந்த வரைக்கும் அவரைச் சொல்ல வேண்டும். "அந்தக் கிட்டாரு... எலும்புன்னு நெனச்சிக்கினு..."

"நெனச்சது பிழையில்ல மாமா. நானும் அப்படித்தான் பயந்தேன் ஒரு காலத்துல."

மண்டியில் எடைக்கல் சரியில்லை என்று யாராவது சொன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். "உன்னக் கேக்காம உன் ரூமத் தொறந்தேன். கேக்காம உடைச்சேன். எலும்பு இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு நிம்மதியாப் போச்சி. உனக்கு இன்னா போச்சின்னு நான் கேக்கல."

கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. கூடமே அனந்தியைப் பார்த்தது. இனி அவள் பொறுத்தேன் என்று சொல்ல வேண்டும், மளமளவென்று மற்றது நடக்க வேண்டும். அவளும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. இழுத்துச் சொல்லியிருக்கலாம். நேற்றுச் சொன்ன பொய்யோடு இதுவும் ஒரு பொய்யாகச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

"நீங்க சொன்னது எனக்குப் போதும் மாமா. ஆனா பொறுக்கறது இன்னிக்கி என்னால முடியல. முடியற அன்னிக்கி நானே வந்து சொல்றேன்."

கூடத்தில் யாரோ ஐயோ என்றார்கள். அனந்தி அதைக் காதில் வாங்கவில்லை. தன் கையைக் கூப்பினாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இத்தனை பேருக்கு முன்னாடி உங்கள நிக்க வச்சிக் கேட்டுட்டேன். தெரிஞ்சுதான் கேட்டேன். அதுக்கு நீங்க என்னப் பொறுக்கணும்."

மல்லிநாதன் வாயைத் திறந்தார். காலையிலிருந்து எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல்தான். அது அவருக்கும் வரவில்லை.